சுவரொட்டியில் குணமானவர்

ஒல்லியண்ணனைப் படைத்தபோது படைத்தவனிடம் சதை என்கிற சரக்கு தீர்ந்துபோயிருக்க வேண்டும். கன்னம் இரண்டும் உள்ளே போய், கண் இரண்டும் வெளியே வந்து, தலையில் முடி இருந்ததற்கு அடையாளம் மட்டும் மிச்சமிருக்க, ஹேங்கரில் மாட்டிய சட்டை தானே நடந்து வருவதுபோல வருவார். இத்தனைக்கும் தலைவலி என்றுகூட ஒரு நாள் படுத்த மனிதரில்லை. தட்டு நிறைய வாங்கி, மறுபடி வாங்கி, அதற்கு மேலும் சட்டியில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கிற வயிறு. தின்றதெல்லாம் எந்த வழியாகத் தப்பித்துப் போகிறது என்று அவர் மனைவிக்கு விளங்கவே இல்லை. அந்த அம்மாள் நல்ல ஆகிருதி. "உங்க பங்கு, என் பங்கு ரெண்டும் எனக்கே வந்து சேர்ந்துடுச்சுங்க" என்று தையல் மெஷினை மிதித்தபடியே சொல்வார்.

அண்ணனுக்கு அரசு மருத்துவமனையில் வேலை. கட்டடத்தின் அடித்தளத்தில் கதிரியக்கப் பிரிவு. மேலே வார்டிலிருந்து புற்றுநோயாளிகளை லிஃப்டில் இறக்கி, சுவரெல்லாம் ஓதம் ஏறிய நீளமான நடைவழியில் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்து, கனத்த கதவுக்கு முன்னால் நிறுத்துவார். "கரண்ட் வைக்கணும்னு சொல்லிட்டாங்களே" என்று கதிர் சிகிச்சைக்குப் பயந்து நடுங்குகிறவர்களிடம், "ஒண்ணும் பண்ணாதுங்க, எக்ஸ்ரே எடுக்கற மாதிரிதான். வலிச்சா என்னைத் திட்டுங்க" என்பார். திட்டு வாங்கியதில்லை. சில புது நோயாளிகள் அவரைப் பார்த்ததும் பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்து, "வாங்க, உக்காருங்க, ரொம்ப நேரம் நிக்காதீங்க" என்று இடம் கொடுப்பார்கள். அவரும் மரியாதைக்கு உட்கார்ந்துவிட்டு எழுந்து வருவார்.

கதவுக்கு உள்ளே இருந்த மெஷினுக்கு ஊழியர்கள் வைத்திருந்த பெயர் 'மாமியார்'. காலையில் அதன் மூஞ்சி எப்படி இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் அன்றைய பொழுது. ஒரு நாள் படுக்கை மேலே ஏறாது. ஒரு நாள் கை சுற்றாது. சுற்றினால் நிற்காது. சில நாள் காரணமே சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு விடும். செய்த கம்பெனியே அந்த மாடலை மறந்து தலைமுழுகிவிட்டது. உதிரிபாகம் வேண்டுமென்றால் வேறு ஊரில் செத்துக் கிடக்கிற இதே வகை மெஷின் ஒன்றின் வயிற்றைக் கிழித்து எடுத்து வர வேண்டும். அங்கே வேலை பார்த்த இளம் டாக்டர்கள் பலரைவிட அதற்கு வயது அதிகம். அவர்கள் அதை நிஜ மாமியாரைப் போலவே மரியாதையோடும் பயத்தோடும் அணுகினார்கள்.

கதிர் கொடுப்பது ஒரே நாளில் முடிகிற காரியமில்லை. வாரக்கணக்கில், நாள் தவறாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். நடுவில் விட்டால், அடிவாங்கிச் சுருண்டு கிடக்கிற புற்று எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொள்ளும். இந்த விஷயம் அடித்தளத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். மாமியாருக்கும் நிதித்துறைக்கும் மட்டும் தெரியாது.

அதற்காக அரசாங்கத்தைக் குறை சொல்லிவிடக் கூடாது. புது மெஷினுக்கு நிதி ஒதுக்கத்தான் செய்தார்கள். மேஜையைத் தட்டிக் கைதட்டல் வாங்கி அறிவித்தார் ஓர் அமைச்சர். அவர் இலாகா மாறிப் போனதும், நல்ல விஷயம் ஒரு தடவையோடு நின்றுவிடக் கூடாது என்று அதே மெஷினை அடுத்தவர் அறிவித்தார். இப்போது இருந்தவர் அதையே தேர்தல் வாக்குறுதியாகவும் அறிவித்தார். பேப்பர் மட்டும் படிக்கிறவர்கள் கணக்கில் அந்த அடித்தளத்தில் புத்தம்புது மெஷின்கள் வரிசைகட்டி நின்றன. நேரில் வருகிறவர்களுக்கு மாமியார்தான்.

ஒரு வழியாக, அடுத்த தேர்தல் கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்கு வந்தபோது, மெஷினும் வந்தது. மரப்பெட்டி மரப்பெட்டியாக வந்து இறங்கியதைப் பார்க்க மேல்மாடி நர்சுகள்கூட இறங்கி வந்தார்கள். முதல் அறிவிப்பின்போதே கட்டி, இத்தனை நாளும் உடைந்த கட்டில்களைப் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து மெஷினைப் பொருத்தினார்கள். வெள்ளை வெளேரென்று, கோணல் இல்லாமல், முனகல் இல்லாமல் நின்றது. டெக்னீஷியன் பெண் கையைத் துடைத்துக்கொண்டுதான் அதைத் தொட்டுப் பார்த்தாள். எங்கே தன் விரல் பட்டு அழுக்காகிவிடுமோ என்று.

அந்த வாரமே அமைச்சரின் பி.ஏ. வந்து இறங்கினார். கையில் இரண்டு போன், காதில் ஒன்று. பிரிவின் தலைமை டாக்டரம்மாவும், மெஷினை அளந்து சரிபார்க்கிற பொறுப்பிலிருந்த பிசிக்ஸ் சாரும் அவர் முன்னால் நின்றார்கள். அண்ணன் ஸ்ட்ரெச்சரோடு ஓரமாக நின்றார்.

"திங்கக்கெழம திறப்பு விழா. அமைச்சர் கையால பட்டன் அமுக்கறோம்" என்றார் பி.ஏ.

"அமுக்கலாம் சார். ஆனா எதுவும் ஓடாது" என்றார் பிசிக்ஸ் சார். "இதை அளந்து பாத்து, சரி பண்ணி, ஒரு மனுஷனைப் படுக்க வைக்கவே மாசக்கணக்கு ஆகும். அதுவும் சில்லர் வந்தாத்தான். தண்ணி சுத்தி மெஷினைக் குளிர வைக்கணும். அது இல்லாம ஆன் பண்ணவே முடியாது."

"சில்லர் இதோட சேர்ந்து வரலையா?"

"நிதி மெஷினுக்குத்தான் சார் ஒதுக்கினாங்க. சில்லருக்குச் செலவுக் கணக்குல வேற தலைப்பாம். டிரான்ஸ்ஃபார்மரும் வேணும், அது வேற துறையாம்."

பி.ஏ. சற்று யோசித்தார். யோசிக்கிறபோது மூன்று போனும் அடித்தன. "ஓட வேண்டாம் சார். நின்னாப் போதும். ஆனா படத்துல ஒரு நோயாளி படுத்திருக்கணும். அமைச்சர் நெத்தியில கை வைக்கணும். அதுதான் முக்கியம்."

டாக்டரம்மா வெடித்தார். "என் பேஷண்ட் ஒருத்தரைக்கூட போட்டோவுக்குப் படுக்க வைக்க மாட்டேன். கரண்ட் குடுக்காத மெஷின்ல படுக்க வெச்சு, எழுப்பி, மறுபடி அந்தப் பழசுக்கு அனுப்பறதா? அவங்க என்ன, நாடகக் கம்பெனி ஆளுங்களா?"

"அப்போ வேற யாராவது..." என்று சுற்றிலும் பார்த்த பி.ஏ.வின் பார்வை ஸ்ட்ரெச்சருக்குப் பின்னால் வந்து நின்றது. நின்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. பல ஊர் அலைந்து தேடிய பொருள் கண்ணெதிரே கிடைத்தவர்போல, "அடடா" என்றார். "இவரு யாரு? எவ்ளோ பொருத்தமா இருக்காரு!"

"நான் வேலை பாக்கறவன் சார். எனக்கு ஒரு நோயும் இல்ல" என்றார் அண்ணன்.

"அதாங்க வேணும். யாருக்கும் தொந்தரவு இல்ல பாருங்க!"

டாக்டரம்மா அண்ணனைப் பார்த்தார். முடியாது என்று சொல்லிவிட்டால் பி.ஏ. நேராக வார்டுக்குப் போய் வேறு யாரையாவது தூக்கிக்கொண்டு வருவார் என்று இருவருக்குமே தெரிந்தது. "நானே படுக்கறேம்மா. அஞ்சு நிமிஷ வேலைதானே" என்றார் அண்ணன்.

திங்கட்கிழமை நோயாளி உடுப்பைக் கட்டிவிட்டு அவரைப் படுக்க வைத்தார்கள். எத்தனையோ வருஷமாக ஆட்களைக் கொண்டுவந்து விட்டவர், அந்த மாதிரிப் படுக்கையில் அன்றுதான் முதன்முதலாகப் படுத்தார். பலகை மாதிரி இருந்தது. முதுகெலும்பின் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியாக உறுத்தியது. அவருக்கு உறுத்துவதற்கு எலும்பைத் தவிர வேறென்ன இருக்கிறது. முகத்துக்கு நேர் மேலே மெஷினின் தலை தொங்கியது. அது விழாது என்று தெரிந்தும் படுக்கையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். 'ஒண்ணும் பண்ணாதுங்க' என்று தான் சொல்லிவந்ததெல்லாம் நின்றுகொண்டிருப்பவனின் வசனம் என்று அப்போது தோன்றியது.

அமைச்சர் வந்தார். நெற்றியில் கை வைத்தார். பன்னீர் வாசனை அடித்தது.

"கொஞ்சம் நம்பிக்கையா பாருங்க" என்றார் போட்டோக்காரர். அண்ணன் நம்பிக்கையாகப் பார்த்தார். "இவ்ளோ வேண்டாம். நோய் இருக்கணும், ஆனா நம்பிக்கையும் இருக்கணும்." அண்ணன் பாதி நோயும் பாதி நம்பிக்கையுமாகப் பார்த்தார். விளக்குகள் பளிச் பளிச் என்று வெட்டின. கைதட்டினார்கள். எல்லோரும் போன பிறகு வாசலில் ரிப்பனைத் திரும்பக் கட்டி, கதவைப் பூட்டி, சாவியை மேலே நிர்வாக அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அண்ணன் உடுப்பை மாற்றிக்கொண்டு, மாமியாரிடம் ஓர் ஆளைத் தள்ளிக்கொண்டு போனார்.

படம் பேப்பரில் வந்தால் ஒரு நாளோடு போயிருக்கும். அது சுவரில் வந்தது. பஸ் நிறுத்தத்தில், மேம்பாலத் தூணில், சந்தை வாசலில், பொதுக் கழிப்பறைச் சுவரில் என்று ஊர் முழுக்க அண்ணன் படுத்திருந்தார். மேலே கொட்டை எழுத்தில் 'மரணத்தின் வாசலிலிருந்து மீட்டோம்!' கீழே அமைச்சரின் பல்வரிசை. அண்ணன் வீட்டுத் தெருமுனையில் ஒட்டியதில் மட்டும் அவர் முகம் இரண்டு ஆள் உயரம் இருந்தது.

அவர் மனைவிக்கு விஷயம் பூனைக்குட்டிபோலப் பின்கட்டு வழியாக வரவில்லை; முன்வாசல் வழியாக, கையில் ஆப்பிள் பையோடு வந்தது. எதிர்வீட்டு அம்மாள் உள்ளே வந்து, பையை வைத்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்ககிட்டகூட சொல்லணும்னு தோணலையே உனக்கு?" என்று மூக்கை உறிஞ்சினாள். அன்று சாயங்காலத்துக்குள் வீடு பழக்கடை ஆகிவிட்டது.

அண்ணன் வேலை முடிந்து வந்தபோது மனைவி இடுப்பில் கை வைத்து நின்றார்.

"படுத்தீங்களே, எதுக்குப் படுக்கறோம்னு கேட்டுட்டுப் படுத்தீங்களா?"

"பேப்பர்ல போடுவாங்கன்னுதான் நெனச்சேன்."

"தெருமுனையில என்னைத் தாண்டிப் போற ஒவ்வொருத்தியும் 'தைரியமா இரும்மா'ங்கறா. யூனிஃபார்ம் தைக்கக் குடுத்தவங்க 'இந்த நேரத்துல உனக்கு எதுக்கும்மா சிரமம்'னு துணியைத் திருப்பி வாங்கிட்டுப் போறாங்க. நீங்க சாகறதுக்கு முன்னாடியே எனக்கு ஊரே துக்கம் விசாரிச்சு முடிச்சிடுச்சு!"

"இல்லன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேனே! 'பாவம், மறைக்கறா'ங்கறாங்க."

மறுப்புக்கு அந்த ஊரில் அவ்வளவுதான் மதிப்பு. பஸ்ஸில் அண்ணனுக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள். "நான் நல்லாத்தான் இருக்கேங்க" என்றால், "இந்த மனசுதான் சார் மருந்து" என்று கண்கலங்கினார்கள். மனைவியின் தம்பி இன்சூரன்ஸ் ஏஜென்ட். அவன் வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தான். "மாமா, எனக்கு மட்டும் உண்மையைச் சொல்லுங்க. மேலிடத்துல என்னைக் கேக்கறாங்க, வியாதியை மறைச்சு பாலிசி போட்டியான்னு."

"மச்சான், சட்டையைக் கழட்டிக் காட்டட்டுமா?"

"வேண்டாம் மாமா. நீங்க சட்டையைக் கழட்டினா இன்னும் சந்தேகம்தான் வரும்."

இதையெல்லாம்கூட அண்ணன் சிரித்துத் தள்ளிவிட்டிருப்பார். அவரால் தள்ள முடியாமல் போனது டீச்சரின் ஸ்ட்ரெச்சர்.

டீச்சர் என்பவர் தொடக்கப்பள்ளி ஆசிரியை. தொண்டையில் புற்று. குரலை வைத்துப் பிழைத்தவருக்குக் குரலிலேயே வந்து உட்கார்ந்திருந்தது. நடக்கத் தெம்பிருந்தவரை நடந்தே வந்தார். பாதிச் சிகிச்சையில் விழுங்க முடியாமல் துவண்டு, வார்டில் சேர்ந்து, அண்ணனின் ஸ்ட்ரெச்சருக்கு வந்தார். வழி நெடுக அண்ணன் ஏதாவது வாயடிப்பார், அவர் தலையசைப்பார். திறப்பு விழா முடிந்து சில வாரம் போயிருக்கும், மாமியார் படுத்துவிட்டாள். இந்த முறை சும்மா படுக்கவில்லை, உள்ளே புகை. உதிரிபாகத்துக்கு வேறு ஊருக்கு ஆள் போயிருக்கிறது, எப்போது வருமோ தெரியாது என்று சொல்லி எல்லோரையும் திருப்பி அனுப்பினார்கள்.

டீச்சரைத் திருப்பித் தள்ளிக்கொண்டு போகையில், ரிப்பன் கட்டிய கதவைத் தாண்டும்போது அவர் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். காற்றாக வந்தது குரல்.

"அண்ணே, போஸ்டர்ல இருக்கறது நீங்கதானே?"

"ஆமாங்க டீச்சர்."

"இந்த ரூம்லதானே உங்களுக்குக் குடுத்தாங்க? எனக்கும் இங்கேயே குடுக்கச் சொல்லி ஒரு வார்த்தை சொல்லுங்களேன். யார்கிட்ட கேக்கணும்னு எனக்குத் தெரியல."

அண்ணன் ஸ்ட்ரெச்சரைச் சுற்றிக்கொண்டு அவர் முகத்துக்கு நேரே வந்தார். ஊரிடமெல்லாம் சலிக்காமல் சொன்ன அதே வார்த்தைகளை இவரிடம் சொல்லத்தான் கூச்சமாக இருந்தது. "டீச்சர், எனக்கு வியாதியே இல்ல. படத்துக்குப் படுத்தேன். மெஷின் ஓடவே இல்ல."

திட்டுவார் என்று எதிர்பார்த்தார். அவர் கதவைப் பார்த்து, "படத்துக்காவது திறந்தாங்களே" என்றார்.

அன்று ராத்திரி அண்ணன் ஒரு வாய்கூட மறுபடி வாங்கவில்லை. தட்டைத் தள்ளி வைத்த மனிதரை மனைவி பார்த்தார். கல்யாணமான நாளாய் அப்படி ஒரு காட்சியை அவர் கண்டதில்லை. உண்மையிலேயே வியாதிதான் வந்துவிட்டதோ என்று பயந்து, என்ன ஆச்சு என்று கேட்டார். அண்ணன் டீச்சர் சொன்னதைச் சொன்னார்.

மனைவி தையல் மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தார். மிதிக்கவில்லை. "அந்த அமைச்சர் தினம் காலையில ஜனங்களைப் பாக்கறாராமே?" என்றார்.

"பாக்கறாரு. நம்மளை யாரு உள்ள விடுவா? டாக்டரம்மா அந்த சில்லருக்காக எத்தனை தடவை எழுதிட்டாங்க, பதிலே இல்ல. நேர்ல போனாங்க, வரவேற்பறையோட திருப்பி அனுப்பிட்டாங்க."

"டாக்டரம்மா மூஞ்சி எந்தச் சுவத்துல இருக்கு?" என்றார் மனைவி.

மறுநாள் காலை இருவரும் போனார்கள். மனைவி கஞ்சி போட்ட நல்ல புடவை கட்டியிருந்தார். அண்ணனைச் சவரம் பண்ண விடவில்லை. அமைச்சர் வீட்டு வாசலில் கையில் மனுவோடு ஒரு பெருங்கூட்டம். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் அண்ணனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவருக்கு நேர் பின்னால் மதில்சுவரைப் பார்த்தார். அங்கேயும் ஒட்டியிருந்தார்கள். "அட, நீங்களா! நடக்கறீங்களே சார்! வழி விடுங்கப்பா, மீட்கப்பட்டவர் வர்றாரு!" என்று லத்தியால் கூட்டத்தைப் பிளந்தார். வருஷக்கணக்கில் மருத்துவம் படித்து, அதற்கு மேலும் படித்த டாக்டரம்மாவுக்குத் திறக்காத கதவு, ஒட்டிய கன்னத்துக்குத் திறந்தது.

உள்ளே அமைச்சர் பத்திரிகைக்காரர்களுக்கு நடுவில் நின்று மனு வாங்கிக்கொண்டிருந்தார். அண்ணனைக் கண்டதும் பி.ஏ.வின் முகம் வெளுத்துவிட்டது. அவர் குறுக்கே பாய்வதற்குள் கேமராக்காரர்கள் பாய்ந்துவிட்டார்கள். அமைச்சருக்கு அண்ணனை அடையாளம் தெரியவில்லை; ஆனால் மற்றவர்கள் எல்லோருக்கும் தெரிகிறது என்பது தெரிந்துவிட்டது. அரசியலில் அது போதும். இரண்டு கையையும் விரித்து, "வாப்பா, வாப்பா! எப்படி இருக்கே?" என்று கட்டிக்கொண்டார். கட்டிக்கொண்டபோது விலா எலும்பு அவர் மார்பில் குத்தியிருக்க வேண்டும், சற்றே விலகினார்.

பஸ்ஸில் வரும்போது அண்ணன் மனசுக்குள் ஒத்திகை பார்த்ததெல்லாம் உண்மை. எனக்கு வியாதி இல்லை, மெஷின் ஓடவில்லை, படம் பொய். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். திறந்தவர் பி.ஏ.வின் முகத்தைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும் என்பது அதில் தெளிவாக எழுதியிருந்தது: 'யாரோ மனநிலை சரியில்லாதவர்' என்று ஒரு செய்தி, அண்ணனுக்கு வேலை போய்விடும், ரிப்பன் அப்படியே இருக்கும். அண்ணன் ஒத்திகையை அப்படியே விழுங்கினார்.

"உங்க புண்ணியத்துல இருக்கேங்கய்யா. ஆனா ட்ரீட்மென்ட் பாதியில நிக்குதுங்க. நீங்க நெத்தியில கை வெச்சீங்க பாருங்க, அன்னிக்கு ஆரம்பிச்சதுதான். அப்புறம் மெஷின் ஓடலைங்க. சில்லர் வேணுமாம், டிரான்ஸ்ஃபார்மர் வேணுமாம். வாசல்ல ரிப்பன் கட்டியிருக்கு."

பேனாக்கள் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. "திறந்து வெச்ச மெஷின் ஓடலையா சார்?" என்றது ஒரு குரல்.

'இவருக்கு நோயே கிடையாது' என்று ஒரே வார்த்தையில் அமைச்சர் தப்பித்திருக்கலாம். ஆனால் அந்த வார்த்தையை உலகத்திலேயே சொல்ல முடியாத ஒரே மனிதர் அவர்தான். அமைச்சர் பி.ஏ. பக்கம் திரும்பினார். பி.ஏ. அவர் காதில் ஆள் யார் என்று ஊதினார். ஊதியதைக் கேட்டு அமைச்சரின் கண் இன்னும் பெரிதானது.

அந்த இடைவெளியில்தான் மனைவி களத்தில் இறங்கினார். ஊரெல்லாம் தன்னைப் பாதி விதவையாக ஆக்கிவைத்த கோபம் அத்தனையையும் திரட்டி, வயிற்றிலிருந்து ஒரு குரல் எடுத்தார். "ஐயா! மரணத்தோட வாசல்லேர்ந்து மீட்டீங்களே! மீட்ட ஆளை இப்படி வாசல்லயே நிக்க வெச்சுட்டீங்களே!" அந்த உடம்புக்கேற்ற குரல். வெளியே மனுவோடு நின்றவர்கள் எல்லாம் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். ஒரு பத்திரிகைக்காரப் பெண் அழுதேவிட்டாள். தனக்கு என்னவோ இருக்கத்தான் செய்கிறதோ என்று அண்ணனுக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது.

அமைச்சர் எல்லோர் முன்னாலும் போனை எடுத்தார். யாரையோ பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார். "ஒரு ஏழை நோயாளி என் கண்ணு முன்னாடி நிக்கறாரு! உங்களுக்குத் தலைப்பு முக்கியமா, உசிரு முக்கியமா?" கேமராவுக்கு முதுகு காட்டாமல் கோபப்படுவது சுலபமில்லை, அவருக்கு அது கைவந்த கலை.

வேற தலைப்பு என்று மேஜை மேஜையாகத் தூங்கிய சில்லருக்கு அந்த வாரமே எல்லாத் தலைப்பும் ஒத்துப்போயின. அதற்கான நிதி எங்கேயும் இல்லை என்று சொன்ன அதே அதிகாரி, அது எப்போதிருந்தோ ஒதுக்கி வைத்திருந்ததுதான் என்று விளக்கம் கொடுத்தார். டிரான்ஸ்ஃபார்மர் துறை இன்னொரு துறையோடு பேசியது. அப்படிப் பேசிக்கொள்ள முடியும் என்பதே இரண்டுக்கும் புதுச் செய்தி. டாக்டரம்மா அண்ணனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். பேப்பரில் அவர் படம். 'பாதியில் நிற்கும் சிகிச்சை' என்று தலைப்பு. டாக்டரம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் சொன்னது பொய்ம்மா" என்றார் அண்ணன்.

"தெரியும். நான் எழுதினதெல்லாம் உண்மை. அதான் யாரும் படிக்கல போல" என்றவர், டீ வரவழைத்துக் கொடுத்தார்.

அடுத்த தலைவலி பி.ஏ. உருவில் வந்தது. சில்லர் இறங்கியதுமே ஓடிவந்து, "முதல் ட்ரீட்மென்ட் இவருக்குத்தான். பத்திரிகை எல்லாம் வரும்" என்றார்.

பிசிக்ஸ் சார் கையெடுத்துக் கும்பிட்டார். "சார், அளந்து முடிக்காம யாருக்கும் குடுக்க முடியாது. அளந்து முடிச்சாலும் நோய் இல்லாதவனுக்குக் கரண்ட் வெச்சா, அது ட்ரீட்மென்ட் இல்ல. கொலை முயற்சி."

"அப்போ நான் என்னதான் பண்றது?" என்று பி.ஏ. முதன்முறையாக மனிதக் குரலில் கேட்டார்.

கடைசியில் அரசாங்கமே வழி கண்டது. அண்ணன் குணமாகிவிட்டார். ஒரு நாள் காலை ஊர் விழித்தபோது பழைய சுவரொட்டிமேல் புதிது ஒட்டியிருந்தது: 'முழுமையாகக் குணமடைந்தார்!' ஒரே ஒரு முறை நெற்றியில் கை வைத்ததற்கு இப்படி ஒரு பலன் மருத்துவ வரலாற்றில் இல்லை. மனைவிக்குத் துணிகள் திரும்பி வந்தன. பழம் வருவது நின்றது. அதற்கு மட்டும் அண்ணன் கொஞ்சம் வருத்தப்பட்டார்.

டீச்சருக்குப் புது மெஷின் கிடைக்கவில்லை. வேறு ஊரிலிருந்து உதிரிபாகம் வந்து மாமியார் எழுந்து உட்கார, விட்டுப்போன நாட்களுக்கு ஈடாகக் கூடுதலாகச் சேர்த்து அதிலேயே முடித்தார்கள். புது மெஷினை அளந்து முடிக்க பிசிக்ஸ் சார் சொன்ன மாசங்கள் ஆயின. டாக்டரம்மா ஒரு நாளைக்கூடக் குறைக்க விடவில்லை. திறந்தபோது ரிப்பன் வெட்ட யாரும் வரவில்லை. தேர்தல் முடிந்துபோயிருந்தது.

காத்திருந்தவர்களை வரச் சொல்லி டெக்னீஷியன் பெண் ஒவ்வொருவராகப் போன் போட்டாள். அண்ணன் எதிரே உட்கார்ந்திருந்தார். சிலர் சந்தோஷமாக வருகிறோம் என்றார்கள். சிலர் வேறு எங்கேயோ போய் முடித்துவிட்டோம் என்றார்கள். சில வீடுகளில் வேறு யாரோ எடுத்தார்கள். ஒரு வீட்டில் ஒரு பெண் முழுதாகக் கேட்டுவிட்டு, "அப்பாகிட்ட சொல்றேன்" என்று சொல்லி, அப்புறம்தான் என்ன சொன்னோம் என்று உறைத்ததுபோல அழ ஆரம்பித்தாள். டெக்னீஷியன் பெண் போனை வைத்துவிட்டு, "அண்ணே, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றாள். குடித்துவிட்டு அடுத்த எண்ணைப் போட்டாள்.

அண்ணனின் கதை இங்கே முடிந்திருக்க வேண்டியது. நிர்வாக அலுவலகம் விடவில்லை. புற்றுநோய் வந்து குணமான ஊழியர் உடல்தகுதிச் சான்று இல்லாமல் கனமான வேலை பார்க்கலாமா என்று யாரோ கேள்வி எழுப்பிவிட்டார்கள். அண்ணன் போய், தனக்கு நோயே வந்ததில்லை என்றார். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"வரலைன்னா அரசாங்கம் பொய் சொல்லுச்சுங்கறீங்களா?"

"அப்படிச் சொல்லலைங்க."

"அப்போ வந்தது. குணமாச்சு. வருஷா வருஷம் செக்கப்புக்குப் போங்க."

அன்றிலிருந்து வருஷம் தவறாமல் போகிறார். மெஷின் பழுதானாலும், மருந்து இல்லாவிட்டாலும், நிஜ நோயாளிகளின் தேதி தள்ளிப்போனாலும் அவருடைய செக்கப் மட்டும் பிசகியதில்லை, மேலிடத்து உத்தரவு. வெளியே பெஞ்சில் டீச்சரும் சில சமயம் இருப்பார். குரல் கரகரவென்றுதான் வந்தது, ஆனால் ஒரு வகுப்பை அதட்டப் போதும் என்று மறுபடி பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தார்.

போன வருஷம் செக்கப் அறையில் புதிதாகச் சேர்ந்த இளம் டாக்டர் ஒருவர். அண்ணனின் கழுத்தைத் தடவினார், வயிற்றை அழுத்தினார், நாக்கை நீட்டச் சொன்னார். எங்கேயும் ஒரு தழும்பு இல்லை. குழம்பிப்போய்க் கேட்டார்.

"உங்களுக்கு எந்த இடத்துலங்க இருந்தது?"

"சுவத்துல சார்" என்றார் அண்ணன்.

டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நன்றாகச் சாப்பிட்டு உடம்பைத் தேற்றச் சொல்லி அனுப்பினார்.